நடைக்களைப்பை ஆற்றிய காவடிச் சிந்து

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். திருவாவடுதுறையில் உ.வே. சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். முப்பது வயதைத் தொடுமுன் மறைந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். கழுகுமலை முருகன் மேல் காவடிச் சிந்து பிறந்தது அந்த ஆதரவில்தான்.

காவடி தூக்கிச் செல்வோர் வழிநடையில் பாடும் பாட்டு, காவடிச் சிந்து. தோளில் சுமை, காலடியில் சுடும் மண். பாட்டின் துள்ளல் அடியெடுப்போடு இணையும்போது மூச்சு சீராகிறது. ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடும்போது தனி வேதனை கூட்டத்தில் கரைகிறது. நோய் தீர, பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு நடப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ரெட்டியாரின் தனித்திறம் அகத்துறையில் தெரிகிறது. முருகனைப் பிரிந்த தலைவி தோழியிடம் உருகும் பாடல்கள், சொல்ல முடியாத ஏக்கத்துக்குச் சொல் தருகின்றன. போர்த்துக்கீசியரின் ஃபாதோ இசைக்கும் பிரிவேக்கமே உயிர். ஆனால் அது பெரும்பாலும் அமர்ந்து கேட்கப்படுவது, காவடிச் சிந்து நடந்துகொண்டே பாடப்படுவது. பின்னாளில் செஞ்சுருட்டி போன்ற ராகங்களில் கச்சேரி மேடைக்கும் சிந்து வந்து சேர்ந்தது.