கொல்லையில் ஒரு சுர்க்கிக் குளம்

செம்மேடு என்னும் மலையூருக்கு அப்பால் நான் வாங்கிய தோட்டத்து வீட்டின் கொல்லையில் ஒரு பழைய நீச்சல் குளம் இருக்கிறது. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் கட்டியது. ஆகாய கங்கை அருவி 300 அடி உயரத்திலிருந்து விழும் மலையில் குளிக்கத் தனியாக ஒரு குளம் எதற்கு என்று ஊரார் இன்றும் சிரிக்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர் ஒரு பக்கம் வந்து, மறுபக்கம் மிளகுக் கொடிகளுக்குப் போகும். இப்போது விரிசல் வழியாக முன்னதாகவே போய்விடுகிறது.

சேந்தமங்கலத்துக் கொத்தனார் உளியால் ஒரு மூலையைத் தட்டினார். சிமென்ட் பூச்சு பட்டை பட்டையாக உரிந்து விழுந்தது. அடியில் இளஞ்சிவப்பாக, நகம் இறங்காத சாந்து.

"இது சுர்க்கிங்க. யாரு இது மேல சிமென்டைப் போட்டது?" என்றார், யாரோ அவர் வீட்டிலேயே செய்துவிட்டதைப் போல.

சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லின் பொடி. வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டு மெல்ல இறுகும்; தண்ணீருக்கடியில் இறுகாது. செங்கல் பொடி சேர்ந்தால் ஈரத்திலேயே இறுகிவிடும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலில் கண்ட குணம் இதுதான். 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியுமாக எழுந்தது. 1911-ல் தொடங்கிய கிருஷ்ணராஜசாகரும் அப்படித்தான். மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் வேறு வழி: 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், ஜிப்சம் சாந்தில் நெருக்கிப் பதித்த செங்கல், அதன் பின்னால் கசிவைத் தடுக்க நிலக்கீல். வேறு வேறு காலம், வேறு வேறு சரக்கு. கவலை மட்டும் என் கொல்லைக் கவலைதான்.

நம் பக்கத்துச் சாந்தில் கடுக்காயும் வெல்லமும் சேரும். இரண்டையும் நசுக்கித் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டால் நுரைத்துப் புளிக்கும். அந்தச் சாற்றை ஊற்றித்தான் சாந்தைக் குழைப்பார்கள். மாடு பூட்டிய சுண்ணாம்புச் செக்கில் நாள் முழுக்க அரைபட்டால்தான் சாந்து வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். வெல்லம் இளக்கம் தரும், கடுக்காயின் துவர்ப்பு பிடிப்புத் தரும் என்பது கொத்தனாரின் கணக்கு. கடுக்காய் மரம் இந்த மலைக்காட்டிலேயே நிற்கிறது. தோல் பதனிடவும் அதே காய்தான் உதவியது.

இந்த வேலையை ஓரங்கட்டியது சிமென்ட். 1904-ல் சென்னையில் கிளிஞ்சலிலிருந்து சிமென்ட் செய்து பார்த்த முயற்சி தேறவில்லை. 1914-ல் போர்பந்தரில் தேறியது. 1934-ல் மதுக்கரையிலும் ஆலை வந்தபின், கோவை, சேலம் வட்டாரத்தில் மூட்டை எளிதாகக் கிடைத்தது. ஒரே நாளில் பூசிவிடலாம், செக்கு வேண்டாம், மாடு வேண்டாம். அந்த வசதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் அதைப் பூசுவது வேறு விஷயம். சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், பூச்சு விறைத்து நிற்கும். நடுவில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சைப் பெயர்த்துத் தள்ளும். என் குளத்தில் நடந்ததும் இதுதான்.

சிமென்ட் முழுவதையும் கொத்தி எடுத்தாயிற்று. மேற்கு மூலை விரிசலில் சில்வர் ஓக் வேர் விரல் கனத்துக்கு உள்ளே ஓடியிருந்தது. அதை அறுத்தெடுத்து, சுர்க்கிச் சாந்தைத் திணித்து, ஈரச்சாக்கு போட்டு மூடியிருக்கிறோம். நீல டைல்ஸ் ஒட்டச் சொன்ன உறவினர்களுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீராது. கருங்கல் மலையில் ஊறி வரும் தண்ணீர் மென்னீர். சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகக் கரைத்துக்கொண்டே இருக்கும். அதனால் மேல்பூச்சை அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும் என்கிறார் கொத்தனார். கூலிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்காமல் கரண்டி பிடிக்க என்னையே பழகிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.