ஓட்டு உண்டு, சீட்டு இல்லை: பழவேற்காடு மீனவர்கள் சொந்தத் தொகுதியில் போட்டியிட முடியாதது ஏன்?

தேர்தல் வந்துவிட்டால் பழவேற்காடு குப்பங்களில் எல்லாக் கட்சிக் கொடியும் பறக்கும். முகத்துவாரம் தூர்வாருவது, காட்டுப்பள்ளி துறைமுகம், டீசல் மானியம், தடைக்கால நிவாரணம்னு மேடையில் பேசுவது முழுக்க மீனவர் பிரச்சினையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேடையில் வேட்பாளராகக் கைகூப்பி நிற்பவர் மீனவராக இருக்க முடியாது. கட்சிகள் சீட் தராதது இதற்குக் காரணம் இல்லை. சட்டப்படியே முடியாது.

இது எப்படி நடந்தது, தொகுதியின் மக்கள்தொகை எப்படி மாறிவருகிறது, கட்சிகள் அதை வைத்து என்ன கணக்கு போடுகின்றன என்று பார்க்கலாம்.

எந்தத் தொகுதி இது?

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு ஓரம் மட்டும் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் வரிசையாக மீனவ கிராமங்கள். இவை சட்டமன்றத்துக்கு பொன்னேரி தொகுதியிலும், மக்களவைக்கு திருவள்ளூர் தொகுதியிலும் ஓட்டுப் போடுகின்றன.

இந்த இரண்டுமே பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதிகள்.

தமிழ்நாட்டில் பட்டினவர், செம்படவர், பர்வதராஜகுலம் உள்ளிட்ட மீனவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், அதாவது எம்பிசி-யில் இருக்கிறார்கள். தனித்தொகுதியில் எம்பிசி வகுப்பினர் ஓட்டுப் போடலாம், ஆனால் வேட்பாளராக முடியாது. தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை நிறைவேறினாலும் இந்த விஷயத்தில் எதுவும் மாறாது. பட்டியல் சாதித் தொகுதியில் பழங்குடியினரும் நிற்க முடியாது.

அப்படிப் பார்த்தால் ஏரியைச் சுற்றி வாழும் மற்றவர்களுக்கும் இதே கதைதான். கையால் இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர்கள் பழங்குடியினர் பட்டியலில் இருப்பதால் நிற்க முடியாது. பல நூற்றாண்டுகளாக இங்கே வாழும் முஸ்லிம்களும் நிற்க முடியாது. பழவேற்காடு மகிமை மாதா ஆலயத்தைச் சுற்றி கிறிஸ்தவர்கள் நிறைய. 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் சாதி அந்தஸ்து உண்டு. அதனால் தலித் கிறிஸ்தவர்களுக்கும் இந்தத் தொகுதி கிடையாது.

வேறு எங்காவது நிற்கலாமா?

நிற்கலாம். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும், மாநிலத்தின் எந்தப் பொதுத் தொகுதியிலும் போட்டியிட முடியும். ஏரியின் மேற்குப் பக்கம் ஆரம்பாக்கம் இருக்கும் கும்மிடிப்பூண்டி பொதுத் தொகுதிதான். ஆனால் அங்கே கட்சிகள் போடும் சாதிக் கணக்கு வேறு. 2021-ல் திமுகவின் டி.ஜெ.கோவிந்தராஜனை எதிர்த்து அதிமுக கூட்டணி நிறுத்தியது பாமகவின் எம்.பிரகாஷை. வன்னியர் ஓட்டு பேசும் தொகுதியில் மீனவர் சீட் கேட்டால் வரிசையில் கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

இதே கடற்கரையில் கொஞ்சம் தெற்கே போனால் படம் மாறிவிடும். ராயபுரம் பொதுத் தொகுதி. மீனவர் சமூகத்தைச் சேர்ந்த அதிமுகவின் டி.ஜெயக்குமார் அங்கே ஐந்து முறை வென்று, மீன்வளத்துறை அமைச்சராகவும் இருந்தார். பழவேற்காட்டில் பிறந்த ஒருவருக்கு சொந்த ஊர் ஓட்டை நம்பி அந்த மாதிரி வளர வழியில்லை.

ஆந்திரப் பக்கமும் நிலைமை இதுதான். ஏரியை ஒட்டிய சூளூர்பேட்டை, கூடூர் சட்டமன்றத் தொகுதிகளும், திருப்பதி மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதிகள். ஆக, கும்மிடிப்பூண்டி துண்டை விட்டுவிட்டால், இரண்டு மாநிலத்திலும் இந்த ஏரியின் கரை ஏறக்குறைய முழுக்கவே தனித்தொகுதி.

அப்போ தனித்தொகுதியே தப்பா?

இல்லை. இந்தக் கேள்வியை அவசரப்பட்டு அணுகக் கூடாது. திருவள்ளூர் மாவட்டத்தில் சுமார் 22 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். தனித்தொகுதி இல்லாத இடங்களில் பெரிய கட்சிகள் அவர்களுக்கு சீட் தருவது எவ்வளவு அபூர்வம் என்பதைக் கடந்த தேர்தல்களின் வேட்பாளர் பட்டியலைப் புரட்டினாலே தெரியும்.

ஏரிக்குள்ளேயே ஒரு எதிர்க்கணக்கும் உண்டு. பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு பழைய முறை இருக்கிறது. மீன், இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்களை ஊர்ப் பஞ்சாயத்தே குலுக்கல் போட்டுப் பிரித்து, எந்தக் குழு எந்த நாள் எங்கே வலை கட்டலாம் என்று முறை வைக்கும். ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்ளாமல் ஏரியைப் பங்கிட்டுக் கொள்ள இது நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் பாராட்டியதுண்டு. ஆனால் இந்த உரிமை பாரம்பரியமாகச் சில பட்டினவர் கிராமங்களில் ‘தலைக்கட்டு’ கணக்கில் வரும் ஆண்களுக்குத்தான். ஏரியை நம்பியே வாழும் தலித், இருளர் குடும்பங்கள் பாடுக்கு வெளியே நிற்பவர்கள். பெண்களுக்கும் அதில் பெயர் இல்லை.

அதாவது, தண்ணீரில் பங்கு இல்லாதவர்களில் ஒரு பகுதிக்கு சட்டமன்றத்தில் வாசல் திறந்திருக்கிறது. தண்ணீரில் பங்கு உள்ளவர்களுக்கு அந்த வாசல் மூடியிருக்கிறது. இதில் யாரை யாருக்கு எதிராக நிறுத்தினாலும் ஏரிக்கு நல்லதில்லை.

மக்கள்தொகை எப்படி மாறுகிறது?

திருவள்ளூர் மாவட்ட மக்கள்தொகை 2001-ல் சுமார் 27.5 லட்சம். 2011-ல் 37.28 லட்சம். பத்தே ஆண்டில் 35 சதவீதம் கூடியிருக்கிறது. இது குப்பங்களில் பிள்ளை பிறந்து கூடிய எண்ணிக்கை இல்லை. சென்னை நகரம் வடக்கிலும் மேற்கிலும் வழிந்து வந்ததால் கூடியது.

பொன்னேரி தொகுதிக்குள் இதன் தாக்கம் தெற்கே மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் நன்றாகத் தெரியும். வடசென்னை அனல்மின் நிலையம், 2001-ல் செயல்படத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), அடுத்து வல்லூர் அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளி துறைமுகம் என்று வரிசையாக வந்தன. அவற்றோடு ஒப்பந்தத் தொழிலாளர்கள், லாரித் தொழில், வாடகை வீடுகள், மனைப் பிரிவுகள். ரயில் பிடித்து சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பங்களும் மீஞ்சூர், பொன்னேரியில் பெருகிவிட்டன.

விளைவு, தொகுதியின் வாக்காளர்களில் கடலோரக் குப்பங்களின் பங்கு சுருங்கிக்கொண்டே போகிறது. மீனவர் ஓட்டு குறையவில்லை. அதைச் சுற்றி மற்ற ஓட்டு பெருகிவிட்டது. வேட்பாளராக முடியாத ஒரு சமூகத்துக்கு இருந்த ஒரே பலம் எண்ணிக்கைதான். அதுவும் கரைகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இதோடு வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தமும் சேர்ந்துகொண்டது. 2025 டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களைவிட ‘இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள்’ என்று நீக்கப்பட்டவர்களே அதிகம். வேலைக்காக அடிக்கடி ஊர் மாறும் தொழிலாளர்களும், அதிகாலையிலேயே கடலுக்குப் போய்விடும் மீனவர்களும் கலந்து வாழும் ஒரு தொகுதியில் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்ற குறிப்புக்கு என்ன அர்த்தம் என்பது லேசான விஷயம் இல்லை.

யார் ஜெயிக்கிறார்கள்?

பொன்னேரி ஒரே கட்சியின் கோட்டை என்று சொல்ல முடியாத தொகுதி. 1996-ல் திமுக வென்றது. 2001-ல் அதிமுக கூட்டணியில் இருந்த இந்திய கம்யூனிஸ்ட். அதன்பின் 2006, 2011, 2016 என்று மூன்று முறை தொடர்ந்து அதிமுக. இதில் 2006 முக்கியம்: மாநிலத்தில் திமுக ஆட்சிக்கு வந்தபோதும் பொன்னேரி இரட்டை இலைக்கே போனது. 2021-ல் திமுக கூட்டணியில் காங்கிரஸின் துரை சந்திரசேகர், அதிமுகவின் சிறுணியம் பலராமனைத் தோற்கடித்தார். வித்தியாசம் பத்தாயிரம் ஓட்டுகூட இல்லை. மூன்றாவதாக வந்த நாம் தமிழர் கட்சி வாங்கிய ஓட்டு அந்த வித்தியாசத்தைவிட அதிகம்.

மக்களவையில் கதை வேறு. 2009, 2014 இரண்டிலும் அதிமுகவின் பி.வேணுகோபால் வென்றார். 2014-ல் திமுக கூட்டணியில் விசிகவின் து.ரவிக்குமார் நின்றும் முடியவில்லை. 2019-ல் காங்கிரஸின் கே.ஜெயக்குமார். 2024-ல் காங்கிரஸின் சசிகாந்த் செந்தில் 5.72 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதுதான் மிகப் பெரிய வித்தியாசம். அதிமுகவும் பாஜகவும் பிரிந்து நின்றது இதற்குப் பெரிய காரணம். அதை அப்படியே சட்டமன்றக் கணக்காக எடுத்துக்கொண்டால் தப்பாகிவிடும். 2021-ல் கண்டது குறுகிய வித்தியாசம்தான்.

கட்சிகள் எதை வைத்துப் போட்டி போடுகின்றன?

வேட்பாளரை வைத்து மீனவர் ஓட்டை இழுக்க முடியாது என்பதால், வாக்குறுதிதான் ஆயுதம். அதில் முதலிடம் காட்டுப்பள்ளிக்கு.

எல் அண்ட் டி கட்டிய இந்தத் துறைமுகத்தை 2018-ல் அதானி குழுமம் வாங்கியது. பிறகு 330 ஏக்கரில் இருக்கும் துறைமுகத்தை 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஒரு பெரும்பகுதி கடலைத் தூர்த்து உருவாக்கப்படும் நிலம். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருப்பது ஒல்லியான மணல் திட்டு. அது அரித்துப்போனால் ஏரியும் போய்விடும், மீன்பிடித் தொழிலும் போய்விடும் என்பது மீனவர்கள் வாதம். 2021 ஜனவரியில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவிக்கப்பட்டு, மறுபடி தள்ளிவைக்கப்பட்டது.

2021 தேர்தலில் விரிவாக்கத்தை எதிர்ப்பதாக திமுக வாக்குறுதி கொடுத்தது. நாம் தமிழர் சீமான் பக்கத்துத் தொகுதியான திருவொற்றியூரில் நின்று இதையே பிரச்சாரம் ஆக்கினார். துறைமுகத்துக்காகக் காட்டுப்பள்ளி குப்பம் இடம் மாற்றப்பட்டபோது சொல்லப்பட்ட நிரந்தர வேலை கேட்டு நடந்த போராட்டங்கள் தனிக்கதை.

இரண்டாவது முகத்துவாரம். ஏரி கடலில் சேரும் வாய் மணல் மூடி அடைத்துக்கொண்டால் படகு வெளியே போகாது, இறால் குஞ்சு உள்ளே வராது. இங்கே சுமார் 27 கோடி ரூபாயில் நிரந்தரமாகத் தூண்டில் வளைவுச் சுவர் கட்டும் திட்டம் அதிமுக ஆட்சியிலும் பேசப்பட்டது, திமுக ஆட்சியிலும் பேசப்பட்டது. பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி, கடலோர ஒழுங்குமுறை அனுமதி என்று ஆண்டுகள் ஓடின. திட்டம் தாமதமான காலத்தில் யார் ஆட்சி என்பதை வைத்து இரண்டு கட்சியும் ஒன்றையொன்று கைகாட்ட முடிகிறது.

உள்ளாட்சியிலாவது இடம் இருக்கிறதா?

இங்கதான் விஷயம் இன்னும் மோசம். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர் பதவிகள்தான் இந்த ஊர் மீனவர் வென்று வரக்கூடியவை. திருவள்ளூர் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2019 டிசம்பரில். பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தாமல் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. மேலே இரண்டு கதவும் சட்டத்தால் மூடியது என்றால், கீழே இருந்த ஒன்று தேர்தல் நடத்தாததால் மூடியது.

இது மாற வாய்ப்பு உண்டா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படைத் தேதியாக அறிவிக்கப்பட்டுள்ளது. இந்த முறை சாதிவாரிக் கணக்கும் எடுக்கப்படுகிறது. 2026-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பை வைத்துத் தொகுதி மறுவரையறை செய்யலாம் என்கிறது அரசியலமைப்பு. தமிழ்நாட்டில் இதுபற்றிய சண்டை முழுக்க டெல்லியில் எத்தனை எம்பி சீட் என்பதில்தான் நடக்கிறது. ஆனால் எந்தத் தொகுதி தனி, எந்தத் தொகுதி பொது என்பதும் அப்போதுதான் மறுபடி முடிவாகும்.

கடைசி மறுவரையறை நடந்தது 2002-ம் ஆண்டு சட்டப்படி. பட்டியல் சாதித் தொகுதிகளை அவர்கள் விகிதம் அதிகமுள்ள பகுதிகளில் வைக்க வேண்டும், அதேநேரம் மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளுக்கும் பரவலாகப் பிரிக்க வேண்டும் என்கிறது அதன் விதி. ஒரே ஏரியைச் சுற்றி இத்தனை தனித்தொகுதி ஏன் என்ற கேள்வியைக் கேட்க அந்த இரண்டாவது வரி இடம் கொடுக்கிறது. அந்தச் சட்டப்படி ஆணையம் வரைவை வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, பொது அமர்வு நடத்திக் கேட்ட பிறகே இறுதி செய்ய வேண்டும். அரசிதழில் வெளியான பிறகு நீதிமன்றத்தில் மாற்றுவது மிகவும் கடினம். அதனால் அடுத்த முறை வரைவு வந்ததும் கிடைக்கும் அந்தச் சில வாரங்கள்தான் பழவேற்காட்டில் மீனவர், இருளர், தலித் எல்லோரும் தங்கள் கணக்கைச் சொல்லக் கிடைக்கும் நேரம்.