மொய் எழுதிய சின்ன ஊர் நூலகம்

கல்லூரி நூலகத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். அதில் பெரும்பகுதி அட்டைகளோடுதான் கழிந்தது. புத்தகம் வந்ததும் வரவுப் பதிவேட்டில் எண் போட்டு, ஆசிரியர் பெயருக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என மூன்று அட்டையாவது தட்டச்சு செய்து, அகர வரிசையில் இழுப்பறையில் செருக வேண்டும். நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்பு அந்த இழுப்பறைகள் மாடிப்படிக்கு அடியில் போயின. அவற்றின் இடத்துக்கு வந்த மென்பொருளின் பெயர் 'கோஹா'. பெயரைக் கேட்டு ஜப்பான்காரர்கள் செய்தது என்றே நினைத்திருந்தேன். உண்மைக் கதை வேறு.

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், வெலிங்டனுக்கு வடக்கே ஹோரோவெனுவா என்றொரு மாவட்டம். மாவட்டம் என்றதும் நம் மாவட்டத்தை நினைக்காதீர்கள். அன்றைக்கு மொத்த ஜனத்தொகையே சுமார் 30,000தான். லெவின், ஃபாக்ஸ்டன், ஷானன் என்று சின்னச் சின்ன ஊர்கள். அங்குள்ள நூலகங்களை ஓர் அறக்கட்டளை நடத்தியது.

1999-ல் அவர்களுக்கு ஒரு சிக்கல். 'ஒய்2கே' பயம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய கணினிகளில் வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கத்தில் மட்டும் எழுதி வைத்திருந்தார்கள். 2000 பிறந்தால் கணினி அதை 1900 என்று எடுத்துக்கொள்ளலாம். இரவல் கொடுத்த தேதி, திருப்பித் தர வேண்டிய தேதி என்று தேதியிலேயே பிழைக்கும் நூலகத்துக்கு இது சாதாரண விஷயமா? அவர்களிடம் இருந்த மென்பொருளோ பன்னிரண்டு வருஷப் பழசு. புதிதாக வாங்கலாம் என்றால், சந்தையில் இருந்தவை பெரிய நூலகங்களுக்கு ஏற்றவை. விலையும் அதற்கேற்ற மாதிரி.

நூலகத் தலைவர் ரோசலி பிளேக்கும் அவருடைய சகாக்களும் வேறு வழி தேடினார்கள். வெலிங்டனில் இருந்த கட்டிபோ என்ற சிறிய கணினி நிறுவனத்திடம் பேசி, புதிதாகவே ஒன்றை எழுதச் சொன்னார்கள். சாதாரண டெலிபோன் லைனில், இணைய உலாவியிலேயே வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. செப்டம்பரில் தொடங்கிய வேலை, 2000 ஜனவரி 3-ம் தேதி நூலகத்தில் ஓட ஆரம்பித்துவிட்டது. நாலே மாதம்!

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய காரியம். தாங்கள் மட்டும் வைத்துக்கொண்டால் இதைப் பராமரிக்கும் செலவும் தங்கள் தலையில்தான் விழும். பலரும் பயன்படுத்தினால் பலரும் சேர்ந்து வளர்ப்பார்கள் என்று யோசித்து, உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதே சுதந்திரத்தோடு கொடுக்க வேண்டும். இது ஒன்றுதான் நிபந்தனை.

'கோஹா' என்பது மாவோரி மொழிச் சொல். விருந்தாளியாகப் போகிறவர்கள் அழைத்தவர்களுக்குக் கொடுக்கும் அன்பளிப்பு. என்றாவது ஒருநாள் பதிலுக்கு வரும் என்பதும் அதில் அடக்கம். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். மொய்தான்!

மொய் திரும்பவும் வந்தது. பிரான்ஸில் மார்செய் நகரத்துக்காரர் பால் புலான், பல மொழிகளில் இயங்கும்படி செய்து கொடுத்தார். அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் ஏத்தன்ஸ் கவுண்டி நூலகம், 'மார்க்' என்ற சர்வதேச நூற்பட்டியல் முறையை இதில் சேர்ப்பதற்குப் பணம் கொடுத்தது.

2011-ல் ஒரு சோதனை. அமெரிக்க நிறுவனம் ஒன்று 'கோஹா' என்ற பெயரையே நியூசிலாந்தில் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முயன்றது. மொய் வைத்த வீட்டுக்காரரே பெயர் சொல்ல அனுமதி கேட்க வேண்டிய நிலை! நூலகம் உதவி கேட்டது. பல நாடுகளிலிருந்து ஆதரவு வந்தது. கடைசியில் அந்தப் பதிவு நிலைக்கவில்லை.

எங்கள் நூலகத்துக்கு இது வந்தபோது, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று மனசுக்குள் கலங்கினேன். உதவியாளராக இருந்த பையன், "சார், பின்னட்டையில இருக்கிற ஐ.எஸ்.பி.என். நம்பரை மட்டும் அடிங்க" என்றான். அடித்தேன். அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலிருந்து புத்தகத்தின் விவரம் முழுவதும் வந்து நின்றது. நான் அரைமணி நேரம் செய்த வேலை!

ஆனால் எங்களிடம் இருந்த பழைய தமிழ்ப் புத்தகங்களுக்கு அந்த எண்ணே கிடையாது. அவன் மாடிப்படிக்கு அடியிலிருந்து என் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் வாசிக்க வாசிக்க அவன் தமிழில் ஏற்றினான். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. திரையில் பொருத்தமில்லாமல் வந்த சில தமிழ்ச் சொற்களுக்குத் திருத்தமும் எழுதி அனுப்பினான்.

ஏதோ ஒரு சின்ன ஊர் வைத்த மொய்க்கு எங்கள் பக்கத்திலிருந்து போன பதில் மொய் அவ்வளவுதான். சிறியதுதான். ஆனாலும் வாங்கியதை மறக்கவில்லை என்ற திருப்தியோடு ஓய்வு பெற்றேன்.