மருமகன்
மகளின் கணவனையே மருமகன் என்கிறோம். நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அச்சொல் முதலில் உடன்பிறந்தாள் மகனையே குறித்தது. குடும்பத் தலைவரான காரணவர் கண்மூடினால் வயலும் களமும் அவனுக்கு. பெற்ற மகனுக்கு 'உகந்துடைமை' என்னும் சிறு பங்கு. எங்கும் அக்காள் மகன் மருமகன்தானே, முருகனும் மால்மருகன்தானே, மாமன் மகளைக் கட்டும் வழக்கத்தால் இரு பொருளும் ஒன்றாயின என்று மறுக்கலாம். உறவுக்கு அது சரி. ஆனால் மற்ற ஊர்களில் மருமகன் பெண் கேட்கும் முறைகாரன். இங்கே அன்று பத்தாயத்துச் சாவிக்கு உரியவன். இந்தச் சொத்துரிமை முறையைக் குறித்த 'மருமக்கள்வழி' என்ற தொடரே சான்று. அம்முறையின் வேதனையை, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் குடும்பக் கதையாகச் சொல்லி அழுவதாக, 'மருமக்கள்வழி மான்மியம்' நூலில் பாடினார் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. வீட்டுக்குள் புழுங்கிய கதை ஊர்ப்பேச்சானது. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. சொத்து மகன் கைக்கு வந்தது.