காது கேளாதவர் பாதிரியார் ஆக முடியுமா?.. பாவசங்கீர்த்தனம் எப்படிக் கேட்பார்? திருச்சபை விதிகள் சொல்வது என்ன?

திருச்சூர் வியாகுல மாதா பெருங்கோவிலில் 2024 மே 2-ம் தேதி ஒரு குருப்பட்ட விழா நடந்தது. பேராயர் ஆண்ட்ரூஸ் தாழத்திடம் பட்டம் பெற்ற ஜோசப் தேர்மடம், பிறவியிலேயே காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். இந்தியாவில் இப்படி ஒருவர் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனது இதுவே முதல்முறை. அவர் திருப்பலி நிறைவேற்றுவது சைகை மொழியில்.

சரி, இத்தனை காலம் ஏன் ஆனது? சட்டமே தடுத்ததா?

ஒரு காலத்தில் தடுக்கத்தான் செய்தது. 1917-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, உடல் குறைபாட்டால் பலிபீடப் பணியைப் பாதுகாப்பாகவோ, பார்ப்பதற்கு முறையாகவோ செய்ய முடியாதவர் குருவாக முடியாது. இதன் வேர் இன்னும் பழையது. உடலில் குறை உள்ளவர் பலி செலுத்த நெருங்கக் கூடாது என்ற விதி பைபிளின் லேவியராகமம் 21-ம் அதிகாரத்திலேயே இருக்கிறது. ஆனால், அதே அதிகாரம் அவர் கோவிலின் புனித உணவைச் சாப்பிடலாம் என்றும் சொல்கிறது. அதாவது பந்தியில் இடம் உண்டு, பலிபீடத்தில் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் திருச்சபையின் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

1983-ல் வந்த புதிய சட்டத் தொகுப்பில், குருப்பட்டத்துக்குத் தடையானவை பட்டியலில் இருந்து உடல் குறைபாடு நீக்கப்பட்டது. அதற்காக யார் வேண்டுமானாலும் ஆகிவிடலாம் என்றில்லை. பணிக்கு ஏற்ற உடல், மன நலம் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஆயரிடமோ துறவற சபைத் தலைவரிடமோதான் இருக்கிறது. கதவைச் சட்டம் திறந்துவிட்டது. உள்ளே விடுவது மனிதர்கள் கையில்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பழைய சட்டம் அமலில் இருந்தபோதே சிலர் இந்தக் கதவைத் தாண்டியிருக்கிறார்கள். விதிவிலக்கு கொடுக்க அதில் வழி இருந்தது. தென்னாப்பிரிக்காவில் யூதக் குடும்பத்தில், காது கேளாமல் பிறந்த சிரில் ஆக்செல்ராட் கத்தோலிக்கராகி, 1970-ல் குருவானார். பிறகு பார்வையும் போனது. கையைத் தொட்டு உணரும் சைகை மூலம் பேசியபடி பணியைத் தொடர்ந்தார். அமெரிக்காவின் முதல் காது கேளாத கத்தோலிக்கப் பாதிரியார் தாமஸ் காஃலின் பட்டம் பெற்றது 1977-ல்.

ஆங்கிலிக்கன் மரபு இதில் நூறு வருஷம் முந்திக்கொண்டது. அமெரிக்க எபிஸ்கோபல் திருச்சபையில் காது கேளாத ஹென்றி வின்டர் சைல் 1876-ல் திருத்தொண்டராகவும், 1883-ல் குருவாகவும் ஆனார். நம்ம ஊர் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி, காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியதும் 1890-களில்தான். அது இன்றும் அவர் பெயரிலேயே நடக்கிறது. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்த அளவுக்கு, ஞாயிறு ஆராதனையில் இடம் கொடுத்தோமா என்பது சபைகள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

*பாவசங்கீர்த்தனம்: உண்மையான சிக்கல் இங்கேதான்*

பாட்டையும் பிரசங்கத்தையும் ஒருவர் பக்கத்தில் நின்று சைகையில் சொல்லிவிடலாம். பாவசங்கீர்த்தனம் அப்படியா? அது இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் நடக்கும் ரகசியம். சைகை தெரியாத பாதிரியாரிடம் காது கேளாதவர் என்ன செய்வார்?

பலர் சொல்லும் வழி, தாளில் எழுதிக் கொடுப்பது. பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் சைகை மொழியையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரிதான். இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. அது தமிழைக் கையால் காட்டுவது அல்ல. மனதில் இருக்கும் குற்ற உணர்வை, பாதி தெரிந்த மொழியில், தாளில் எழுதி இன்னொருவர் கையில் கொடுப்பது யாருக்கும் சங்கடம்தானே?

இன்னொரு வழி மொழிபெயர்ப்பாளர். திருச்சபைச் சட்டம் 990-வது பிரிவு இதை அனுமதிக்கிறது. கேட்டதை அவர் வெளியே சொல்லக் கூடாது என்று 983-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. மீறினால் தண்டனை, திருச்சபைக்கு வெளியே தள்ளப்படும் அளவுக்குக்கூடப் போகலாம். இவ்வளவு பாதுகாப்பு இருந்தும், ஒரு சின்ன ஊரில் மொழிபெயர்க்கக் கிடைப்பவர் பெரும்பாலும் அக்காவோ, மனைவியோ, பக்கத்து வீட்டுக்காரரோதான். அவர் முன்னால் எல்லாவற்றையும் சொல்ல முடியுமா?

அதனால்தான் சைகை தெரிந்த ஒரு பாதிரியார் என்பது வெறும் 'முதல்முறை' செய்தி இல்லை. நடுவில் ஆள் இல்லாமல் பேசலாம். அப்போதும் வழக்கமான தடுப்புப் பலகை வைத்த கூண்டு உதவாது. ஒருவர் கையை இன்னொருவர் பார்த்தாக வேண்டும். அதே சமயம், வரிசையில் நிற்பவருக்கும் சைகை தெரிந்திருந்தால் தூரத்திலிருந்தே எல்லாம் புரிந்துவிடும். வெளிச்சம் உள்ள, கதவு மூடிய அறை தேவை.

*கட்டடத்துக்கு இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?*

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'பொதுக் கட்டடம்' என்பதற்கான விளக்கத்திலேயே மத நடவடிக்கைகளுக்கான கட்டடங்களும் வருகின்றன. தனியாருடையது என்றாலும் விலக்கு இல்லை. அமெரிக்காவில் 1990-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம், பொது இடங்களுக்கான விதிகளில் இருந்து வழிபாட்டுத் தலங்களுக்கு விலக்கு தந்தது. இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் கறார்.

ஏற்கெனவே உள்ள கட்டடங்களை மாற்றியமைக்க, விதிகள் வெளியானதில் இருந்து 5 வருஷம் அவகாசம் தரப்பட்டது. விதிகள் வந்தது 2017 ஜூன். கணக்குப்படி கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. விதிகள் கட்டாயமாக இல்லாமல் வெறும் பரிந்துரை மாதிரி இருக்கின்றன என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதுரி வழக்கில் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம். சர்ச் மட்டுமல்ல, கோவில், மசூதி எல்லாவற்றின் வாசல் படிக்கும் இதே சட்டம்தான்.