தெருவும் மனையும்: ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் நகரங்களின் கட்டட விதிகள் குறித்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டில் வீடு கட்ட முற்படும் ஒருவர் பெறவேண்டிய இசைவுகள் இரண்டு என்பது, அவ்விரண்டையும் ஒரே விண்ணப்பத்தால் பெறும் சௌகரியம் இந்நாளில் ஏற்பட்டுவிட்டமையால், பெரும்பாலோர் கவனத்துக்கு வாராத செய்தியாக இருக்கிறது. நிலத்தை இன்ன உபயோகத்துக்குக் கொள்ளலாம் என்னும் திட்ட அனுமதி 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தினின்று பிறப்பது; அந்நிலத்தின்மேல் இன்ன அளவில் கட்டடம் எழுப்பலாம் என்னும் கட்டட அனுமதியோ ஸ்தல ஸ்தாபனங்களின் சட்டத்தினின்று பிறப்பது. முன்னதற்கு மூலமான சென்னை நகரத் திட்டச் சட்டமும், 2023 வரையில் நகராட்சிகளை ஆண்டுவந்த மாவட்ட நகராட்சிகள் சட்டமும் 1920ஆம் ஆண்டிலேயே தோன்றியவை. பிற்காலத்தில் இவ்விரு கிளைகளிலும் தனித்தனியே வளர்ந்து, சாமானியர்க்கு எட்டாத காடாய் மண்டிக் கிடந்த பல்வேறு விதிகளை ஒன்றுசேர்த்து, மாநிலம் முழுமைக்கும் பொதுவாக 2019 பிப்ரவரியில் வெளியிடப்பட்டதே தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் என்னும் தொகுப்பு.

இத்தொகுப்பு பெரும் உபகாரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் மனையைச் சுற்றி விடவேண்டிய இடைவெளி, தளப்பரப்புக் குறியீடு, உயரம் ஆகிய அனைத்தையும் அது தனி மனையொன்றை அலகாகக் கொண்டே அளக்கிறது. பல தலைமுறைகளாகத் தெருத்தெருவாக வளர்ந்த ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற ஊர்களின் பழைய பகுதிகளில் மனையை அலகாகக் கொள்ளும் விதி தன் உத்தேசத்தையே தோற்கடித்துக்கொள்கிறது என்பதும், அவ்விடங்களில் தெருவையே அலகாகக் கொள்ளவேண்டும் என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முற்படும் கருத்துகள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பதினொரு நிலை இராஜகோபுரத்தைச் சூழ்ந்த வீதிகள் தேர் ஓடும் வீதிகள். ஆடிப்பூரத்தன்று ஆண்டாளின் தேர் தடையின்றித் திரும்பவேண்டுமானால், இறவாரமோ படியோ பந்தற்காலோ தெருவுக்குள் நீண்டிருத்தலாகாது. எந்த அலுவலகமும் எழுத்தில் விதிக்குமுன்பே, தெருவின் எல்லையை ஆண்டுதோறும் பிரத்தியட்சமாக அளந்து காட்டும் அளவுகோல் அவ்வூருக்கு இருந்தது. வீதிகளினின்று பிரியும் முடுக்குகளிலும் பழைய தெருக்களிலும் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி, பொதுச்சுவர் கொண்டு, முகப்பு குறுகியும் உள்நீளம் மிகுந்தும் நிற்கின்றன. திண்ணை, நடை, பட்டாசாலை, நடுவே வானவெளி, அப்பால் அடுக்களை, புறவாசல் என்று அடுக்கிய அவ்வமைப்பில் வெளிச்சமும் காற்றும் பக்கத்தினின்று வருவதில்லை, மேலிருந்தே வருகின்றன.

இத்தகைய மனையொன்றை 14 அடி முகப்பும் 60 அடி நீளமும் உடையதாகக் கொள்வோம். பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டுபவர் பக்கவாட்டில் ஒரு மீட்டர் மட்டும் விடும்படி நேர்ந்தாலும், எஞ்சும் அகலம் பதினொரு அடிக்கும் குறைவு. இருபுறமும் ஒன்பதங்குலச் சுவர் எழுப்பினால் அறைக்குக் கிடைப்பது ஒன்பதேகால் அடி. 840 சதுர அடி மனையில் ஏறக்குறைய 197 சதுர அடி, அதாவது கால்பங்குக்குச் சற்றே குறைந்த நிலம், சூரியன் எட்டிப்பாராத ஒரு சந்தாகிக் கழிவுக்குழாய்க்கும் குப்பைக்கும் உரியதாகிவிடுகிறது. அதே 197 சதுர அடியை வீட்டின் நடுவே திரட்டினால் 14 அடிக்கு 14 அடியான முற்றம் கிடைக்கும். முன்கட்டு அறைக்கும் பின்கட்டு அடுக்களைக்கும் மாடிக்கும் அது ஒருங்கே வெளிச்சம் தரும். நிலத்தின் இழப்பு இரண்டிலும் ஒன்றே, பயன் மட்டும் வேறு. இடைவெளி விதியின் நோக்கம் காற்றும் வெளிச்சமுமாயின், அந்நோக்கத்தை நிறைவேற்றுவது சந்தா முற்றமா என்பதற்கு விடை இக்கணக்கிலேயே இருக்கிறது.

2019ஆம் ஆண்டு விதிகள் இதற்கு வழியே விடவில்லை என்று கூறுதல் நியாயமாகாது. தொடர்கட்டடப் பகுதியென வகுக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடைவெளி விடவேண்டுவதில்லை என்று அவை ஏற்கின்றன. இதனையே நான் அவ்விதிகளின் மிகச் சிறந்த வாசலாகக் கருதுகிறேன். ஆனால் பக்க இடைவெளியை விலக்கிவிட்டு, அதற்கு ஈடான வானவெளியை வீட்டினுள் வைக்கவேண்டும் என்ற நிபந்தனையை உடன்சேர்க்காவிடில், மனை முழுவதையும் கான்கிரீட்டால் மூடிவிடும் ஆசைக்கே அது துணைபோகும். ஆகவே தெருத்தெருவாக அளவெடுத்து, எந்தத் தெருவில் பொதுச்சுவர் வழக்கு உயிரோடிருக்கிறது, எங்கே முற்றங்கள் ஒன்றன்பக்கத்தில் ஒன்று அமைந்து ஒரு வரிசைக்கே காற்றோட்டம் தருகின்றன என்று கண்டறிந்து, சலுகையையும் கடமையையும் ஒருசேர விதித்தல் வேண்டும். 1914–15இல் சென்னை மாகாணத்து நகரங்களை நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதிய பாட்ரிக் கெடிஸ், தஞ்சைக் கோட்டைப் பகுதியில் நேர்கோட்டுச் சாலைகளுக்காக வீடுகளை இடிக்கக் கருதிய திட்டத்தை மறுத்து, இருக்கும் சந்துகளையும் திறந்த இடங்களையும் காத்துச் சிதைந்த சிலவற்றை மட்டும் நீக்குமாறு பரிந்துரைத்தது இதே விவேகத்தால்தான்.

இராஜபாளையத்தின் நிலைமை வேறு. பழையபாளையம், புதுப்பாளையம் ஆகிய பழைய குடியிருப்புகளில் மேற்கூறிய நியாயம் அப்படியே பொருந்தும். ஆனால் 1936இல் தோன்றிய இராஜபாளையம் மில்ஸ் முதலான பஞ்சாலைகளின் வளர்ச்சியால் ஊர் நகராட்சி எல்லையைத் தாண்டிப் பரவியபடியால், அங்கே முதற்கேள்வி மனை எவருடைய எல்லைக்குள் இருக்கிறது என்பதாகிவிடுகிறது. கிழக்கே சத்திரப்பட்டிப் பக்கம், பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் மிகுந்த பிரதேசத்தில், தறிக்கூடத்தோடு குடியிருப்பு எழுப்புபவர் ஊராட்சியின் கட்டட அனுமதியோடு நில உபயோகத்தையும் நோக்கவேண்டும். மேற்கே அய்யனார் கோயில் செல்லும் திசையில் மலையை அணுக அணுக, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட கிராமங்களில், அக்குழுமத்தின் இசைவின்றி மனைப்பிரிவோ கட்டடமோ ஏற்படக்கூடாது. 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் ஆன காட்டின் ஓரத்தில் இக்கட்டுப்பாடு மிகையானதன்று. இடையிலோ கண்மாய்களும் அவற்றுக்கு நீர் கொணரும் ஓடைகளும் உள்ளன. பட்டா நிலமென்றே வாங்கியிருப்பினும், வரத்துக்காலின் குறுக்கே அஸ்திவாரம் இடுபவர் பத்து வீடுகளுக்கு அப்பாலுள்ள வயலை வறளச்செய்கிறார். மனையை மட்டும் காட்டும் வரைபடத்தில் அவ்வயல் தென்படுவதே இல்லை. அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைச் சென்னை உயர்நீதிமன்றம் 2016இல் தடுத்ததும், அடுத்த ஆண்டு அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் எழுந்ததும் இத்தகைய குருட்டுத்தன்மையின் விளைவுகளே.

2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை கட்டப்படும் வீட்டுக்கு, உரிமையாளரின் சுயசான்றின் பேரில், முன்கூட்டித் தல ஆய்வின்றி, இணையவழியே உடனடி அனுமதி கிடைக்கிறது. இத்தகைய வீடுகளுக்கு முடிவுச் சான்றும் வேண்டுவதில்லை. அலைச்சலும் கையூட்டும் குறைவதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதிகாரி நேரில் நின்று கண்டிருக்கவேண்டியதை இனி உரிமையாளரும் அவர் அமர்த்திய பொறியாளருமே காணவேண்டும். மலையடிவாரச் செம்மண்ணுக்கும், நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் கிழக்குக் கரிசலுக்கும் ஒரே அஸ்திவாரம் போதாது என்பதை எந்த இணையப் படிவமும் சொல்லித் தராது. 2014இல் மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதும், 2004இல் கும்பகோணம் பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனதும், தளர்த்தக்கூடாத விதிகள் எவை என்பதை அழியா எழுத்தில் காட்டியிருக்கின்றன. அஸ்திவாரம், தீ, வெளியேறும் வழி, கழிவுநீர், 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றில் அணுவளவும் விட்டுக்கொடாமலிருப்பதே, வீட்டின் வடிவத்தில் தாராளமாயிருக்கும் உரிமையை நமக்குத் தருகிறது.

பொதுச்சுவர் வீடுகளில் தீ ஒன்றினின்று மற்றொன்றுக்குத் தாவுமே என்று வினவக்கூடும். ஒரு மீட்டர்ச் சந்தினுள் தீயணைப்பு வண்டி நுழைவதில்லை. எதிரெதிர்ச் சாளரங்களின் வழியே தழல் பாய அச்சந்து இடங்கொடுப்பதுமுண்டு. திறப்பேதுமின்றிக் கூரைக்கு மேலும் எழும்பிய செங்கற்சுவரே இதில் மேலான அரண். வேண்டியது, அச்சுவரில் சாளரம் வைக்கக்கூடாது என்ற கண்டிப்பும், சுயசான்று விண்ணப்பத்தோடு இருபக்கத்து வீடுகளின் முற்றமும் சுவரும் நீர்ப்போக்கும் தெரியும் தெரு வரைபடம் ஒன்றும்தான். அண்டைவீட்டார் கையொப்பத்தை அதில் கேட்டல் வீண்பகைக்கு இடந்தருமாதலால் அது கூடாது. பொறியாளர் நேரில் அளந்து தம் பதிவெண்ணோடு சான்றளித்தால் போதும். நகராட்சி தன் தெருக்களை ஒருமுறை முறையாக அளந்து வெளியிட்டுவிடுமாயின், சிறுவீடு கட்டுபவருக்கு இந்த அளவெடுப்புச் செலவும் மிஞ்சும்.