நகர மையங்களில் மிதிவண்டியின் மீள்வருகை

நகர மையங்களில் மிதிவண்டியின் மீள்வருகை என்பது, மோட்டார் வாகனங்களுக்கு விடப்பட்டிருந்த கடைத்தெருக்களையும் நடுநகரச் சாலைகளையும் மிதிவண்டி (சைக்கிள்) ஓட்டுபவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் மீண்டும் ஒதுக்கும் மாற்றத்தைக் குறிக்கும். ஐரோப்பிய நகரங்களில் இம்மாற்றம் 1960களில் தொடங்கி 1970களில் வலுப்பெற்றது. தமிழ்நாட்டில் இதன் வரலாறு வேறு வழியில் சென்றது. இங்கு மிதிவண்டி எளிய மக்களின் வாகனமாகவும், கிராமப் பெண்களின் துணையாகவும், பள்ளிப் பிள்ளைகளின் உடைமையாகவும் பரவியது. ஆனால் அது ஓடுவதற்கான இடம் சாலையில் குறைந்துகொண்டே வந்தது.

தோற்றமும் பரவலும்

1817-ஆம் ஆண்டு செருமனியின் கார்ல் டிரைசு, காலால் தரையை உந்தி ஓட்டும் இரு சக்கர வண்டியை உருவாக்கினார். 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் இசுடார்லி வெளியிட்ட 'ரோவர்' வண்டியில் ஏறத்தாழச் சம அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் இருந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை அறிமுகப்படுத்தினார். இன்று நாம் ஓட்டும் மிதிவண்டியின் அடிப்படை வடிவம் அப்போதே அமைந்துவிட்டது.

இந்தியா விடுதலை பெற்றபின் உள்நாட்டு உற்பத்தி பெருகியது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் அமைந்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தொடங்கப்பட்டது. சொந்தமாக வண்டி வாங்க இயலாதவர்களுக்கு ஊர்தோறும் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய வண்டியில், இருக்கையில் உட்கார்ந்தால் கால் எட்டாத சிறுவர்கள் சட்டத்தின் இடையே காலை நுழைத்து 'குரங்குப் பெடல்' போட்டுப் பழகினர். உள்ளாட்சிகள் சைக்கிளுக்கு வரி வாங்கி, அதற்கு அடையாளமாகத் தகட்டு வில்லை தந்த காலமும் இருந்தது. விளக்கில்லாமல் இரவில் ஓட்டுவதும், இருவர் ஏறிச் செல்லும் 'டபுள்ஸ்' பயணமும் காவலரிடம் அபராதம் கட்டவேண்டிய குற்றங்களாக இருந்தன.

லாரிகளின் மாவட்டம்

சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997 சனவரி 1 முதல் செயல்படும் நாமக்கல் மாவட்டம், லாரித் தொழிலுக்கும் கோழிப்பண்ணைகளுக்கும் பெயர் பெற்றது. லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் நாமக்கல்லின் அடையாளம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு புகழ்பெற்றது. நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் வழியில் உள்ள சேந்தமங்கலத்தின் கடைத்தெருச் சாலையைப் பேருந்து, லாரி, மோட்டார் சைக்கிள், காய்கறி வாங்க வருபவர், பள்ளி செல்லும் மாணவர் என எல்லாரும் பகிர்ந்துகொள்கின்றனர். மோட்டார் வாகனத்தால் வாழும் மாவட்டத்திலும் எல்லாரும் மோட்டார் வாகனத்தில் செல்வதில்லை. சிறு ஊர்களிலும் இக்கேள்வி எழுவது இதனால்தான்.

புதுக்கோட்டை: மாற்றத்தின் தமிழ் முன்னோடி

தமிழ்நாட்டு மிதிவண்டி வரலாற்றில் முதன்மையான நிகழ்வு புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதை ஊக்குவித்தார். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல தரப்புப் பெண்களும் கற்றனர். 1992-இல் மகளிர் நாளன்று 1,500 பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டை நகரில் பேரணி சென்றனர்.

இதழாளர் பி. சாய்நாத் இதை நேரில் கண்டு எழுதினார். மாவட்டத்தின் பத்து வயதுக்கு மேற்பட்ட கிராமப் பெண்களில் கால் பங்குக்கும் மேலானோர் சைக்கிள் கற்றதாக அவர் குறிப்பிடுகிறார். பேருந்துக்குக் காத்திருக்காமல் விளைபொருளை விற்கச் செல்லவும், குடிநீர் கொண்டுவரவும், பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் அது பயன்பட்டது. கேலி பேசியவர்கள் இருந்தும் பெண்கள் விடவில்லை. அவர்களுக்குக் கிடைத்த பெரிய பயன், வெளியே செல்ல ஆண்களை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்பதே.

ஐரோப்பாவில் நடந்தது

நெதர்லாந்தில் மக்கள் எப்போதும் மிதிவண்டியையே விரும்பினர் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கும் கார்கள் பெருகின. மிதிவண்டிப் பயணம் சரிந்தது. 1971-இல் மட்டும் ஏறத்தாழ 3,300 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பிள்ளைகளை இழந்த பெற்றோரும் பொதுமக்களும் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரில் இயக்கம் நடத்தினர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அரசு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை விதித்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் மிதிவண்டி ஓட்டி மகிழ்ந்தனர்.

1977-இல் குரோனிங்கன் நகரம் தன் மையப்பகுதியை நான்கு பிரிவுகளாகப் பிரித்தது. காரில் ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு நேராகச் செல்ல முடியாது. சுற்றுச்சாலைக்குச் சென்றே திரும்ப வேண்டும். மிதிவண்டிக்கும் நடப்பவருக்கும் நேர்வழி திறந்திருந்தது. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். இன்று அந்நகருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கும் மேல் மிதிவண்டியில் நிகழ்கின்றன. டென்மார்க்கின் கோபனாவன் நகரில் 1962-இல் இசுட்ரோயட் கடைத்தெரு நடப்பவர்களுக்கென ஒதுக்கப்பட்டபோதும் வணிகர்கள் அஞ்சினர். இன்று அது அந்நகரின் புகழ்பெற்ற கடைத்தெரு. 2003-இல் இலண்டன் மாநகரம் மையப்பகுதிக்குள் நுழையும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதித்தது.

தமிழ்நாட்டில் அரசின் முயற்சிகள்

2001-02-இல் மேல்நிலை வகுப்பு பயிலும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தொடங்கியது. பின்னர் அது பிற மாணவியருக்கும் மாணவருக்கும் விரிவாக்கப்பட்டது. 2006-இல் பீகார் அரசும் மாணவியருக்கு மிதிவண்டி வாங்க உதவும் திட்டத்தைத் தொடங்கியது. அதனால் மாணவியர் உயர்நிலை வகுப்புகளில் சேர்வது கணிசமாகக் கூடியதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

2006-இல் வெளியான தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களைவிட மனிதர்களின் பயணத்துக்கே முன்னுரிமை என்றது. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. 2019-இல் தியாகராய நகர் பாண்டி பசாரில் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வாடகை மிதிவண்டிகளும் அதே ஆண்டில் சென்னைக்கு வந்தன.

ஆனாலும் மக்களின் போக்கு எதிர்த்திசையில் இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் குடும்பங்களில் மோட்டார் ஈருருளி வைத்திருந்தவை 2001-இல் 11.7 விழுக்காடு, 2011-இல் 21 விழுக்காடு. மிதிவண்டி வைத்திருந்தவை 2011-இல் 44.8 விழுக்காடு. அதாவது, அவ்வாண்டிலும் மோட்டார் ஈருருளி உள்ள வீடுகளைப்போல் இரு மடங்குக்கும் மேலான வீடுகளில் மிதிவண்டி இருந்தது.

பாதுகாப்பும் எதிர்வாதங்களும்

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 விபத்துகளுடன் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. வேகம் இரு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளி இயற்பியல். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் வாகனம், 30 கி.மீ. வேகத்தில் வருவதைவிட நான்கு மடங்கு ஆற்றலுடன் மோதும். எனவே கடைத்தெருவிலும் பள்ளி அருகிலும் வேகத்தைக் குறைப்பது முதல் பாதுகாப்பு.

இம்மாற்றத்துக்கு எதிரான வாதங்களையும் புறக்கணிக்க முடியாது. தமிழ்நாட்டின் வெயிலில் நெடுந்தொலைவு மிதிப்பது கடினம். முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாகனம் தேவை. கடைகளுக்குச் சரக்கு வந்தாக வேண்டும். இவற்றுக்குச் சில நகரங்கள் கண்ட தீர்வுகள் உள்ளன: சரக்கு வண்டிகளுக்குக் குறிப்பிட்ட நேரம், தேவையுள்ளோரின் வாகனங்களுக்கு விலக்கு, சாலையோர நிழல் மரங்கள், மையப்பகுதி வரை பேருந்து. இடத்தைப் பொறுத்தவரை, ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டு மிதிவண்டிகளுக்குக் குறையாமல் நிறுத்தலாம்.

மதிப்பீடு

குரோனிங்கனில் சாலை அமைப்பு முதலில் மாறியது. மக்கள் பழக்கம் பின்தொடர்ந்தது. புதுக்கோட்டையில் மக்கள் முதலில் மாறினர். தமிழ்நாட்டு அரசு பிள்ளைகளின் கையில் மிதிவண்டியைக் கொடுத்தது. பதினோராம் வகுப்பில் அதைப் பெறும் மாணவி, சேந்தமங்கலம் போன்ற ஊரின் கடைத்தெருவில் லாரிக்கும் பேருந்துக்கும் நடுவே அஞ்சாமல் ஓட்டிச் செல்லும் வழி இன்னும் அமைக்கப்படவில்லை. அந்த வழி அமையாவிட்டால், பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவ்வண்டி வீட்டுச் சுவரோரம் சாய்ந்தே நிற்கும்.